சில்லறை நினைவுகள்

ததேயு சார் பலகையில் ஆங்கிலத்தில் 'ரன்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"இந்த வார்த்தை தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற செய்யது, "ஓடுறது சார். இல்லாட்டி கிரிக்கெட்டு," என்றான்.

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

"பெரிய அகராதியப் பிரிச்சா நூத்துக்கணக்குல இருக்கு. நம்ம பரீட்சைக்கு நாப்பது போதும்."

"ஒரு ரன்னுக்கே நாப்பதா? அப்ப சிக்ஸர் அடிச்சா நாங்க செத்தோம்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். முதல் நாள் அது. கீழே பேக்கரியில் மக்ரூன் வேகிற மணம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருந்தாலும் தூத்துக்குடியில் எல்லோருக்கும் அது பட்டை கிளாஸ்தான். தலையைச் சுற்றிக் கட்டுகிற கறுப்புப் பட்டையால் வந்த பெயர்.

"நீளமான வார்த்தைங்களப் பத்திப் பயப்படாதீங்க," என்றார் சார். "அதுகளுக்கு ஒரே அர்த்தம். ஒரு வாரத்துல முடிச்சிரலாம். இந்த மாதிரிக் குட்டி வார்த்தைதான் ஆளக் கொல்லும். ஏற்கெனவே கொன்னுருக்கு."

அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கடல் தாண்டிய ஏதோ ஒரு துறைமுகத்தில், மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒரு குட்டி வார்த்தைக்கு அந்த இடத்துக்கு ஆகாத பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆட்கள் நின்ற இடத்தில் சரக்குப் பெட்டி இறங்கியது. அதற்குப் பிறகு சட்டம் மாறியது. வெளிநாட்டுக் கிரேன்களை இங்கே இருந்தபடி இயக்குகிறவர்கள், இடையில் இயந்திரம் இல்லாமல், தங்கள் காதால் கேட்டுத் தங்கள் தலையால் புரிந்துகொள்ள வேண்டும். பரீட்சையில் சரியான பதில் சொன்னால் போதாது. சொல் காதில் விழுந்த கணமே பொருள் தலைக்குள் எழ வேண்டும். எழுந்ததா என்பதைப் பட்டையே அளந்துவிடும்.

"மனப்பாடம் பண்ணா நாக்குல நிக்கும், தலையில நிக்காது," என்று சார் தொடர்ந்தார். "புளிப்புன்னு சொன்னா உங்களுக்கு எழுத்தா தெரியுது? பல்லு கூசுதுல்ல? எப்பவோ தின்ன மாங்காய் அது. தாய்மொழி வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் அடியில அப்படி ஒரு நினைப்பு கிடக்கு. இங்கிலீஷ் வார்த்தைக்கும் வேணும். அத இங்கிலீஷ்ல வாழ்ந்து சேக்கணும்னா இருபது வருஷம் ஆகும். அதனால உங்ககிட்ட ஏற்கெனவே இருக்குற ஒரு நினைப்ப எடுத்து, அதுல இந்த அர்த்தத்த ஊன்றிடுறோம். வேர் பிடிச்சிட்டா பட்டையில பச்ச விளக்கு எரியும்."

"ஊன்றின பிறகு அந்த நினைப்பு என்ன ஆகும் சார்?" என்று கேட்டது ஜெசிந்தாதான். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கேட்ட பிறகும், சரியாகப் புரிந்துகொண்டோமா என்ற சந்தேகம் போகாது.

சார் மேசையிலிருந்த குடும்பப் படத்தைச் சற்று நகர்த்தி வைத்தார். படத்தில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு துண்டுத் தாளில் பெயர் ஒட்டியிருந்தது. குழந்தைகளின் வேலையாக இருக்கும் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

"மங்கும்," என்றார். "செடிக்குப் போட்ட உரத்தத் திரும்ப அள்ள முடியுமா? அதனால உங்களுக்குப் பெருசாத் தேவைப்படாத நினைப்பாப் பாத்துக் குடுங்க. ஆனா அது உயிரோட இருக்கணும். வாசனை, சத்தம், கை பட்ட இடம் எல்லாம் அதுல இருக்கணும்."

இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. நினைவை வாய்விட்டு ஒருவரிடம் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது இளகும். அதற்காக ஆளுக்கு ஒரு ஜோடி. சொன்னதை எழுதி வைக்கவோ போனில் பதிந்து வைக்கவோ கூடாது. திரும்பப் படித்தால் வேர் ஆடி, சொல் விழுந்துவிடும். செய்யது ஒருமுறை திருட்டுத்தனமாக எழுதி வைத்துப் படித்துப் பார்த்தான். அவன் சொல் விழுந்தது. எழுதியது மட்டும் கையில் இருந்தது, யாரோ பக்கத்து வீட்டுக்காரன் கதை மாதிரி.

ஜெசிந்தாவுக்கு ஜோடியாக வந்தவள் சுயம்புக்கனி. ஐஸ் கம்பெனியில் வேலை. நாற்பது வயதிருக்கும். முதல் நாளே பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருட்டி. எனக்குச் சொல்லத்தான் ஒண்ணும் கெடயாது. கேக்க நல்லாக் கேப்பேன்," என்றாள்.

கனியக்காவுக்கு ஒரே மகன். நான்கு வயதில் புருஷன் வீட்டார் அவனைத் திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு நினைத்துப் பார்க்கத் தகுந்ததாக இருந்தது அந்த நான்கு வருடம்தான். மீதியெல்லாம் ஐஸ் பாளம்.

ஜெசிந்தாவின் கதை வேறு. தம்பி டெனிஸுக்கு மூன்று வயதாகும்போது அம்மா பிலோமினா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அப்பா அதற்கு முன்பே கடலோடு போய்விட்டார். அம்மா திரும்பி வந்தபோது டெனிஸுக்கு மீசை அரும்பியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஜெசிந்தா அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, அணைத்து வளர்த்தாள். அம்மா வந்த இரண்டாம் வருடம் அவனும் வள்ளத்தில் போனான். வள்ளம் மட்டும் வந்தது. மூன்று நாள் கழித்துக் கடல் அவனைக் கொண்டுவந்து போட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அம்மா மணிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லுட்டி," என்பாள். ஜெசிந்தா டெனிஸைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுவாள். அம்மாவுக்கு மகனின் குழந்தைப் பருவம் என்பது டெலிபோன் இரைச்சல்தான். அவன் எப்படி நடந்தான், எதற்குச் சிணுங்கினான் என்பதெல்லாம் ஜெசிந்தாவின் வாயிலிருந்துதான் அவளுக்குக் கிடைத்தது. கேட்டு முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போவாள்.

இப்போது அம்மாவுக்கு மூட்டு வீங்கியிருந்தது. ஆனாலும் குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மறுபடி பேசியிருந்தான். ஜெசிந்தா வேலை பார்த்த உப்புக் கம்பெனியில் பாக்கெட் போட இயந்திரம் வந்துவிட்டது. அவள் கிரேன் நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மா போக வேண்டியதில்லை. உட்காரவில்லையென்றால், பொங்கல் கழிந்ததும் விமானம்.

*

மற்றக் குட்டி வார்த்தைகளுக்கு ஜெசிந்தா பள்ளிக்கூடத்தையும் உப்புக் கம்பெனியையும் கொடுத்தாள். வெயிலில் கண் கூசிய வெள்ளைக் குவியல், கணக்கு டீச்சரின் கொண்டை, தோழிகளுடன் போட்ட சண்டை, எல்லாம் போயின. போனது தெரியவும் இல்லை. கடைசியாக 'ரன்' வந்தபோது அவளிடம் மிச்சமிருந்தது டெனிஸ் மட்டும்.

அவள் யோசித்துச் செய்தாள். அவன் நினைவுகளை இரண்டாகப் பிரித்தாள். பெரியவை: கோயிலில் அவன் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள், அம்மா குவைத்துக்குப் போன நாள், திரும்பி வந்த நாள், கடல் அவனைக் கொண்டுவந்த காலை. அவற்றைத் தொடக்கூடாது. மற்றதெல்லாம் சில்லறை. சில்லறையைச் செலவழித்தால் குடி முழுகாது. சரியாகத்தான் பிரிக்கிறோமா என்று தினமும் சந்தேகம் வந்தது. தினமும் மறுபடி பிரித்துப் பார்த்தாள். அதே இரண்டு குவியல்தான் வந்தது.

சில்லறை அழகாகப் பொருந்தியது. அந்தச் சொல்லும் சில்லறையான சொல்தானே. குழாயில் தண்ணீர் ஓடுவதும் ரன். அதற்கு, அவன் காகிதக் கப்பல் விடுவதற்காகத் தெருக் குழாயைத் திறந்துவிட்டு ஊரிடம் ஏச்சு வாங்கியது. மூக்கு ஒழுகுவதும் ரன். அதற்கு, அவன் அவள் தாவணி முனையில் மூக்கைத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் வானத்தைப் பார்த்தது. சாயம் போவதும் ரன். அவனுடைய கிறிஸ்துமஸ் சட்டையின் சிவப்பு அவளுடைய யூனிபாரத்தில் ஏறி, ஒரு வருடம் முழுக்க அவள் ரோஸ் நிறத்தில் பள்ளிக்கூடம் போனது. காய்ச்சல் அடிப்பது, சீனி தீர்ந்துபோவது, வகுப்புத் தலைவனுக்குப் போட்டி போடுவது, சந்தையில் யாரையோ எதிர்பாராமல் சந்திப்பது, குடும்பத்தில் வழிவழியாக வருவது, எல்லாமே ரன். அப்பாவின் காது அவனுக்கும் இருந்தது, மேல் நுனி மடங்கி.

ஒவ்வொரு மாலையும் பட்டையைக் கட்டிக்கொண்டு கனியக்காவிடம் சொன்னாள். கனியக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சில சமயம் சிரித்தாள். சில சமயம், "யாத்தே, அப்புறம்?" என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஜெசிந்தாவுக்கு ஏதோ ஒன்றைச் சொன்னது மட்டும் தெரியும். எதைச் சொன்னோம் என்று நின்று யோசித்தால், பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவது போல் இருக்கும்.

'என்ன ஆனாலும் கனியக்காவுக்குத் தெரியும்' என்று நினைத்துக்கொள்வாள். 'எல்லாத்தையும் அவங்க கேட்டிருக்காங்க. பரீட்சை முடிஞ்ச பிறகு கேட்டு வாங்கிக்கிடலாம்.' அந்த நினைப்பில்தான் அவளால் அடுத்ததைச் சொல்ல முடிந்தது.

கனியக்காவின் முறை வரும்போது ஜெசிந்தா கேட்டாள். முதலில் அக்கா திணறினாள். நீர்மம் வழிவதற்கும் அந்தச் சொல்தான் என்றபோது, தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: மகன் பால்வாடிக்குப் போகும்போது நண்டுக் காலைக் கால்சட்டைப் பையில் ஒளித்து எடுத்துப் போனது, குழம்பு பையிலிருந்து முழங்கால் வரை வழிந்தது, தெருப் பூனையெல்லாம் அவன் பின்னால் போனது. சொல்லி முடித்துப் பச்சை விளக்கு எரிந்ததும் அக்கா அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

சில வாரங்களில் அக்காவின் திணறல் நின்றுவிட்டது. சரளமாகச் சொன்னாள். ஒருநாள், கடை நடத்துவதற்கும் ரன்தான் என்று சார் சொன்னபோது, வேலியோரம் மகன் இலந்தைப்பழக் கடை வைத்ததைச் சொன்னாள். தலைகீழாகக் கவிழ்த்த வாளிதான் மேசை. அட்டையில் விலை எழுதி, கீழே 'அக்காவுக்கு மட்டும் சும்மா' என்று போட்டிருந்தானாம்.

ஜெசிந்தாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "உங்க மவன் ரொம்பப் பிரியமான பிள்ளக்கா. எங்க டெனி மாதிரியே இருக்கான்."

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மூடி கைநழுவி உருண்டு போனது. அதை எடுக்கக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

*

கடைசியில் ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. எல்லோரும் முதலில் முடித்துவிடுகிற பொருள்: கால்களால் ஓடுவது.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிஞ்சத மட்டும் விட்டு வச்சிருக்கீங்களேம்மா," என்றார் சார்.

"அதுக்கு எங்கிட்ட ஒண்ணுதான் சார் இருக்கு. அது பெரிய நினைப்பு."

"பரீட்சைக்கு அதான் மொதல்ல கேப்பாங்க. பாத்துக்கோங்க."

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், ஜெபமாலை முடிந்ததும் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டாள். "புதுசா ஒண்ணும் வேண்டாம். இலந்தப்பழக் கடையச் சொல்லு. அத எத்தன தடவ கேட்டாலும் எனக்கு அலுக்காது."

ஜெசிந்தா சிரித்தாள். "அது டெனி இல்லம்மா. எங்க கிளாஸ்ல கனியக்கா இருக்காங்கள்லா, அவங்க மவன். உங்ககிட்ட சொன்னனா?"

அம்மாவின் கை முழங்காலில் நின்றது. "என்னட்டி சொல்லுத? போன வருஷம் நீதான சொன்ன. வேலிப் பக்கம், வாளியக் கவுத்து வச்சு. அக்காவுக்கு மட்டும் சும்மான்னு எழுதிப் போட்டுருந்தான்னு சொல்லி நீ அழலயா?"

ஜெசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கனியக்காவின் மகனுக்கு அப்போது நான்கு வயதுதான். அதோடு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளை அட்டையில் எப்படி விலை எழுதும்? கனியக்காவுக்கு வேறு பிள்ளையே இல்லை. அவள் மகனுக்கு ஏது அக்கா?

டெனிஸின் இலந்தைப்பழக் கடையைத் தலைக்குள் தேடினாள். 'நடத்துவது, நிர்வகிப்பது' என்ற பொருள் பளிச்சென்று எழுந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

பயந்துபோய்ப் பெரிய நினைவுகளைத் திறந்து பார்த்தாள். புதுநன்மை இருந்தது. கோயில், மெழுகுவர்த்தி, வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் ஒரு பையன் நின்றான். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான், முட்டி போடச் சொன்னபோது போட்டான். அவன் எப்படிச் சிரிப்பான்? கோபம் வந்தால் என்ன சொல்வான்? தெரியவில்லை. பெரிய நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள். டெனிஸ் அங்கே இருந்ததே இல்லை. அவன் இருந்ததெல்லாம் குழாயடியில், தாவணி முனையில், சீனி டப்பாவுக்குள்.

"தல வலிக்குதாட்டி?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

*

மறுநாள் ஐஸ் கம்பெனி வாசலில் நின்றாள். கனியக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் நடை மெதுவானது.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"ஏங்க்கா?"

"என்ன அடிச்சிருட்டி. ஒரு அடி அடிச்சிட்டுக் கேளு."

"ஏங்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

அக்கா கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்தாள். "ஆரம்பத்துல ஒண்ணக் குடுத்த அன்னைக்கு வீட்டுக்குப் போயி ராத்திரி பூராத் தேடுனேன். என்னமோ ஒண்ணு காணோம், என்னன்னு தெரியல. அதுக்கு மேல குடுக்க எனக்கு மனசு வரல. எங்கிட்ட இருந்ததே கையளவு. நீ சொல்லச் சொல்ல எனக்கு உன் தம்பி அப்படியே கண்ணுல தெரிவான். ஒருநாள், நீ சொன்னதையே எம்பிள்ள கதைன்னு சொல்லிப் பாத்தேன். பச்ச விளக்கு எரிஞ்சிட்டு. பட்டைக்கு யாரு பிள்ளன்னு தெரியாதுல்லா. உயிரா இருக்கான்னு மட்டுந்தான் பாக்கும்."

"எங்கிட்டயே சொன்னீங்களேக்கா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே."

"உனக்குத்தான் அது போயிருச்சே. கொஞ்சம் மாத்திச் சொல்லுவோம்னு நெனப்பேன். மாத்துனா எரியாது. அதனால அக்காவ அக்கான்னே சொன்னேன். நீ 'எங்க டெனி மாதிரியே'ன்ன பாரு, அன்னைக்கே மூடியத் தேடக் குனிஞ்ச எடத்துலயே செத்துருக்கணும்."

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்பட்டுப் பார்த்தாள். அது வந்துவிட்டுப் போயிற்று. கேட்க வேண்டியது வேறாக இருந்தது. "சரிக்கா. நீங்க எங்கிட்ட சொன்ன கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல எது டெனி, எது உங்க பிள்ளன்னு மட்டும் சொல்லுங்க. நான் எங்கம்மாட்ட சொல்லணும்."

கனியக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பதில் தெரிந்துவிட்டது.

"ஊன்றின பெறகு எனக்கும் போயிருதேட்டி. எது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லாரி ஒன்று பின்னால் வந்தது. இருவரும் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"கையளவு வச்சிருந்தீங்களே, குடுக்காம. அது இருக்குல்லா?"

"இருக்கு." அக்காவின் குரல் இறங்கியது. "ராத்திரி அதத்தான் எடுத்துப் பாக்கேன். ஒருத்தன் என் கழுத்தக் கெட்டிக்கிட்டுத் தூங்குதான். அது எம்பிள்ளையா, இல்ல நீ சொல்லிக் கேட்டதான்னு இப்ப எனக்குச் சந்தேகம். நீ அப்படி ஒண்ணு சொன்னியா?"

ஜெசிந்தா யோசித்தாள். முறையாக, ஒன்றுவிடாமல் யோசித்தாள். "தெரியலக்கா," என்றாள்.

*

பரீட்சைக்கு முந்தின மாலை. பட்டையைக் கட்டிக்கொண்டு ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கனியக்கா எழுந்தாள்.

"எங்கிட்ட வேண்டாம்ட்டி. நான் சாரக் கூப்பிடுதேன்."

"நீங்களே கேளுங்கக்கா. உங்களுக்கு எல்லாம் முடிஞ்சிருச்சுல்லா? இத வச்சுக்கோங்க. யாருக்கும் குடுக்காம வச்சுக்கோங்க."

அக்கா உட்கார்ந்து, பிரார்த்தனைக்குப் போல இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா சொன்னாள். விடியாத தெரு. வேனுக்குள் அம்மா, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு. டீசல் வாடை. வேன் கிளம்புகிறது. ஒரு பிள்ளை அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அதன் பின்னால் ஓடுகிறது. ஒரு காலில்தான் செருப்பு. ஓடும்போது ஒரு கால் சத்தம் கேட்கிறது, மறுகால் கேட்கவில்லை. வேன் திரும்பிய பிறகும் ஓடுகிறது. அவள் பின்னாலேயே ஓடிப் பிடிக்கிறாள். பிள்ளை திரும்புகிறது.

"திரும்பி?" என்றாள் கனியக்கா, மூச்சு விடாமல்.

"மூஞ்சி இல்லக்கா," என்றாள் ஜெசிந்தா. "யாரோ ஒரு பிள்ள."

பச்சை விளக்கு எரிந்தது.

ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தாள். வகுப்பு கலைந்துகொண்டிருந்தது. ததேயு சாரின் மனைவி வாசலில் சாப்பாட்டுப் பையுடன் வந்து நின்று, "நான்தாங்க, விர்ஜின்," என்று தன் பெயரைச் சொன்னாள். சார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். இந்த அக்கா ஏன் என் கையை இப்படிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

ஜெசிந்தாவும் கனியக்காவும் தேறினார்கள்.

கிரேன் அறை குளிர்ந்திருந்தது. திரையில் எங்கோ ஒரு துறைமுகத்தில் மழை பெய்தது. காதில் அந்நியக் குரல் பேசியது. அந்தக் குட்டிச் சொல் ஒரு மணி நேரத்தில் பலமுறை வந்தது. மோட்டார் ஓடுவதாக, கயிறு கப்பியில் நழுவுவதாக, நேரம் தாழ்த்துவதாக, ஒத்திகையாக வந்தது. ஒவ்வொரு முறையும் வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் எழுந்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை. மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பிறந்து வளர்ந்த மாதிரி புரிஞ்சிக்கிறீங்களே," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அம்மா குவைத்துக்குப் போகவில்லை. ஏஜென்ட் வந்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அன்று, வீட்டில் கோழி அடித்தார்கள். சாயங்காலம் ஜெபமாலை சொன்னார்கள். முடிந்ததும் அம்மா மணிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுட்டி. சொல்லி எத்தன நாளாச்சு. வேலை, பரீட்சைன்னு நானும் கேக்கல."

ஜெசிந்தாவிடம் கதைகள் இருந்தன. வகுப்பில் கேட்டவை. அவற்றில் ஏதோ சில இந்த வீட்டினுடையவை. எவை என்று தெரியாது. தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் ஒன்றை எடுத்தாள்.

"ஒரு தடவ பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும்மா, நண்டுக் காலக் கால்சட்டைப் பையில ஒளிச்சு எடுத்துட்டுப் போயிட்டான். போற வழியில தின்னுக்கிட்டே போவலாம்னு. குழம்பு வடிஞ்சு முழங்கால் வரைக்கும் வந்துட்டு. தெருவுல உள்ள பூனையெல்லாம் அவன் பின்னால..."

அம்மா சிரிக்கவில்லை. மணிகளை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அவனுக்கு நண்டு ஆவாதே," என்றாள் மெதுவாக. "வாயில பட்டாலே உதடு தடிச்சிரும். நான் வந்த பெறகு அவனுக்காகவே வீட்டுல நண்டு வாங்குதத நிறுத்துனேனே."

வெளியே யாரோ மோட்டார் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.  

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பட்டை கட்டித் தேய்ந்து, மகளின் நெற்றியில் விழுந்திருந்த கறுப்புத் தடத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.

"பரவால்ல. சொல்லு," என்றாள். "பூனையெல்லாம் பின்னால வந்துச்சா? அப்புறம் அந்தப் பிள்ள என்ன செஞ்சான்?"